அங்கம்பொர: தடைக்குத் தப்பிய இலங்கைச் சண்டைக் கலை

தற்காப்புக் கலை என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலம்பம், சிலாட், கராத்தே, தேக்குவாண்டோ என்று வரிசையாகச் சொல்வார்கள். இலங்கையை யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தீவிலும் சிங்கள மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஒரு சண்டைக் கலை உண்டு. அதன் பெயர் அங்கம்பொர.

பெயரே நமக்குப் பாதி புரிந்துவிடும். 'அங்கம்' என்றால் உடல். 'பொர' என்றால் சண்டை. சிங்களச் சொல்லானாலும், 'பொர' என்று கேட்டதும் தமிழர் காதில் போர், பொருதல் என்றுதான் விழுகிறது.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலேய ஆட்சி கண்டியை அடக்கியபோது இந்தக் கலையையும் சேர்த்தே ஒடுக்கியது என்பது அதன் ஆசான்கள் காத்து வரும் செய்தி. பயிற்சிக்கூடங்கள் போயின, ஆயுதங்கள் போயின, வெளிப்படையாகப் பழகவும் முடியவில்லை. ஆனாலும் கலை முற்றாக அழியவில்லை. ஆயுதம் பிடிக்க முடியாத காலத்தில் ஒரு சண்டைக் கலை எங்கே ஒளிந்து வாழ்ந்தது? கோவில் மண்டபத்திலும் பள்ளித் திடலிலும் சிலம்பம் பழகும் பிள்ளைகளை உடைய நமக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

மூன்று பிரிவுகள்

அங்கம்பொரவை அதன் ஆசான்கள் மூன்று பிரிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். முதலாவது 'அங்கம்'. இது வெறுங்கைச் சண்டை. கை அடி, கால் உதை, பிடி, பூட்டு, எதிரியைத் தரையில் வீழ்த்துவது எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது 'இல்லங்கம்'. இது ஆயுதச் சண்டை. மூன்றாவது 'மாயா அங்கம்'. இது மந்திரம், யந்திரம், நாள் நட்சத்திரம் பார்ப்பது ஆகியவற்றைச் சேர்ந்தது.

மூன்றாவது பிரிவைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். ஆனால் பழைய சண்டைக் கலைகளில் இது புதிதல்ல. நம் ஊர்களில் சிலம்பக் களத்தில் இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவதும், குருவின் காலில் விழுவதும், சாமிக்குச் சூடம் காட்டுவதும் இதே மனநிலையில் பிறந்த வழக்கங்கள்தாம். உயிர் போகக்கூடிய இடத்துக்குள் நுழைகிறவன் தன் மனத்தை முதலில் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு அந்தக் காலத்து வழி மந்திரம்.

வெறுங்கைச் சண்டையில் அடிப்படை அசைவுகளுக்கு 'ஹரம்ப' என்று பெயர். கால் வைப்பு, உடல் திருப்பம், கை வீச்சு எல்லாம் இதில்தான் தொடங்கும். நம் சிலம்பத்தில் கம்பைத் தொடுமுன் காலடி வரிசையைப் படிய வைப்பதுபோல, இங்கும் கால் பழகிய பிறகுதான் கை. மாணவர் தாழ்ந்து, முழங்கால் மடித்து, உடலைத் தரைக்கு நெருக்கமாக வைத்துப் பழகுவார். எழுந்து நின்று குத்துவதைவிட நெருங்கிப் பிடித்து மடக்குவதற்கு இங்கே அதிக இடம் உண்டு.

ஆயுதங்களில் பலரையும் வியக்க வைப்பது 'எதுணு கடுவ'. 'கடுவ' என்றால் வாள். சுருட்டி வைக்கப்பட்ட வாள் என்று பொருள் கொள்ளலாம். தமிழ்நாட்டில் சுருள்வாள் என்றும் கேரளத்தில் உருமி என்றும் சொல்லப்படும் அதே வகை. சாட்டைபோல் வளையும் மெல்லிய இரும்புத் தகடுதான் வாள். வீசினால் சுற்றி நிற்கும் பலரை ஒரே நேரத்தில் தள்ளி வைக்கும். கை தவறினால் வீசுகிறவரையே வெட்டும். அதனால் இதை ஆசான்கள் கடைசியாகத்தான் கையில் கொடுப்பார்கள். இதனுடன் வாளும் கேடயமும், ஈட்டி, கம்பு, கத்தி முதலியவையும் உண்டு.

பயிற்சி நடக்கும் இடத்தை 'அங்கம் மடுவ' என்பார்கள். 'மடுவ' என்பது கூரை போட்ட கொட்டகை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத் தமிழர்கள் கொழுந்து மடுவம் என்கிறார்களே, அதே சொல்தான்.

அடிக்கத் தெரிந்தவர் கட்டவும் தெரிந்தவர்

அங்கம்பொரவின் உயர்ந்த பாடம் 'நில சாஸ்திரம்'. உடலில் எந்த இடத்தைத் தொட்டால் கை மரத்துப் போகும், எந்த இடத்தில் அடித்தால் மூச்சு நிற்கும், எது உயிருக்கே ஆபத்து என்ற அறிவு இது. தமிழில் வர்மம் என்றும் மலையாளத்தில் மர்மம் என்றும் சொல்வது இதைத்தான். சிங்களத்தில் அந்த இடங்களை 'நில' என்கிறார்கள். யானைப் பாகர்களுக்கும் இந்தச் சொல் தெரியும். யானையின் உடலில் எந்த நிலத்தை அங்குசத்தால் தொட்டால் அது நிற்கும், திரும்பும், படுக்கும் என்பது அவர்களின் தொழில் அறிவு.

எங்கே அடித்தால் எலும்பு விலகும் என்று தெரிந்தவருக்கு, விலகிய எலும்பை எப்படிச் சேர்ப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். களத்தில் தினமும் யாருக்காவது அடிபடும். அவரைக் குணப்படுத்தும் பொறுப்பு ஆசானுடையது. சிங்கள நாட்டு வைத்தியத்தில் முறிவுக்கும் சுளுக்குக்கும் கட்டுப் போடும் பிரிவுக்கு 'கடும் பிந்தும் வெதகம' என்று பெயர். உடைந்ததற்கும் முறிந்ததற்குமான வைத்தியம் என்பது பொருள். எண்ணெய், பச்சிலை, பட்டை, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் இந்த வைத்தியர்களிடம் இன்றும் இலங்கையில் மக்கள் போகிறார்கள்.

நம் தோட்டங்களிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். பிள்ளை மரத்திலிருந்து விழுந்து கை பிசகினால் ஆஸ்பத்திரி டிரெசரிடம் போவதற்கு முன் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சிலம்ப வாத்தியாரே எண்ணெய் போட்டு நீவி விடும் வைத்தியராகவும் இருந்த தோட்டங்கள் உண்டு. அடியும் மருந்தும் ஒரே கையில் இருந்ததை இலங்கையிலும் பார்க்கிறோம், இங்கேயும் பார்க்கிறோம்.

கதை எது, சான்று எது

அங்கம்பொர எவ்வளவு பழமையானது என்று கேட்டால் இராவணன் காலம் என்று பதில் வரும். இராவணனும் இயக்கர்களும் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் என்றும், முனிவர்கள் சிலர் இதை வகுத்தார்கள் என்றும் சொல்வழக்குகள் உள்ளன. இவை நம்பிக்கைகள். வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதைச் சொல்லும்போது நம் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. சிலம்பத்துக்கு அகத்தியர் முதல் ஆசான் என்றும், அது பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்றும் மேடைதோறும் கேட்கிறோம். பெருமைக்காகச் சொல்வது வேறு, காட்டுவதற்குச் சான்று இருப்பது வேறு. பழமையைக் கூட்டிச் சொல்வதால் ஒரு கலைக்குப் புதிதாக ஒரு மாணவர்கூடக் கிடைப்பதில்லை.

அங்கம்பொரவுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றுகள் கோவில்களில் உள்ளன. கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்க தேவாலயம் அவற்றுள் புகழ்பெற்றது. கம்பளை அரசர் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், 14-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் மண்டபத்து மரத்தூண்களில் நடன மாது, இரட்டைத் தலைப் பறவை, பாலூட்டும் தாய், குதிரை வீரன் என்று பல உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு நடுவே இரண்டு மல்லர்கள் ஒருவரையொருவர் பிடித்து மடக்கும் காட்சியும் இருக்கிறது. இந்தத் தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. நாம் முருகன் என்று கும்பிடும் அதே தெய்வத்தின் சந்நிதியில்தான் அந்த மல்லர்கள் நூற்றாண்டுகளாகப் பிடி தளராமல் நிற்கிறார்கள்.

அதற்கு அடுத்த காலத்தில் கோட்டை அரசர் ஆறாம் பராக்கிரமபாகுவின் ஆட்சியைக் கலையின் சிறப்புக் காலமாக ஆசான்கள் சொல்கிறார்கள். அவருடைய வளர்ப்பு மகன் சப்புமல் குமாரயா 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தை வென்றவர். தமிழில் இவரைச் செண்பகப் பெருமாள் என்பார்கள். நல்லூர்க் கந்தசாமி கோவிலோடு இவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் மரபும் உண்டு.

அரசவைக் காலத்தில் 'சுதாலிய', 'மருவல்லிய' என்று இரண்டு பரம்பரைகள் அரசர் முன்னிலையில் மோதியதாகக் கதைகள் உள்ளன. பெரிய குழிக்குள் இருவரை இறக்கி, ஒருவர் சாகும்வரை சண்டையிட வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். இவற்றில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சொல்லிச் சொல்லி வளர்ந்தது என்று இன்று பிரிப்பது கடினம். ஆனால் போர்கள் கதையல்ல. 1505-இல் போர்த்துக்கீசர் வந்து இறங்கிய பிறகு, 1594-இல் தந்துரையிலும் 1638-இல் கன்னொருவையிலும் கண்டிப் படைகள் அவர்களை முறியடித்தன. துப்பாக்கி பிடித்த படையை மலைக்காட்டுப் பாதைகளுக்குள் இழுத்து வந்து, நெருங்கி நின்று அடிப்பதுதான் கண்டியின் முறை. நெருங்கிச் சண்டையிடத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருந்தது.

1818: கலைக்கு விழுந்த அடி

கண்டியை 1739 முதல் ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புள்ள நாயக்கர்கள். கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1803-இல் கண்டியைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படை படுதோல்வி அடைந்தது. அந்தப் போரில் மலாய் வீரர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பது மலேசிய வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். டச்சுக்காரர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய்க்காரர்களில் சிலர் கண்டி அரசரிடமும், பலர் பிறகு ஆங்கிலேயரிடமும் சேவகம் செய்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் கண்டிப் பிரபுக்களைத் தம் பக்கம் இழுத்து வென்றார்கள். 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தார்.

ஒப்பந்தம் போட்ட பிரபுக்களுக்கே விரைவில் மனம் கசந்தது. 1817-இல் ஊவா, வெல்லஸ்ஸ பகுதிகளில் கலகம் வெடித்தது. அதை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பெட்டிபொல திசாவையே, அவர்கள் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் இராணுவச் சட்டம் போட்டார். வீடுகள் எரிக்கப்பட்டன. நெல் அழிக்கப்பட்டது. மாடுகள் கொல்லப்பட்டன. 1818 நவம்பர் 26-ஆம் தேதி கெப்பெட்டிபொல கண்டியில் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மண்டையோடு ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டது. 1954-இல்தான் இலங்கைக்குத் திரும்பி வந்தது.

அங்கம்பொர ஆசான்கள் தங்கள் கலையின் இருட்டுக் காலத்தை இந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். பயிற்சிக் கொட்டகைகள் கொளுத்தப்பட்டன, பழகியவர்கள் பிடிபட்டால் முழங்காலில் சுட்டார்கள் என்று அவர்களுடைய பரம்பரைகளில் சொல்லப்படுகிறது. முழங்காலில் சுடுவதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை. கால் வைப்புத்தான் கலையின் அடிப்படை. முழங்கால் போனவர் இனிப் பழகவும் முடியாது, பழக்கவும் முடியாது.

அதற்குப் பிறகு நடந்தது நமக்கு நெருக்கமான கதை. அடக்கிய மலைநாட்டில் ஆங்கிலேயர் சாலை போட்டார்கள். காடு வெட்டிக் காப்பித் தோட்டம் திறந்தார்கள். 1820-களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை வந்தது. கலகம் நடந்த ஊவாவின் பதுளை மலைகளில் இன்று தேயிலைத் தோட்டங்களும் தமிழர் லயன்களும் இருக்கின்றன. கண்டி வீரர்கள் இழந்த மண்ணில்தான் நம் இனத்தவர் கூலிகளாக இறக்கப்பட்டார்கள். இருவருமே அந்த ஆட்சியின் கணக்கில் வரவு செலவுகள்.

எங்கே ஒளிந்தது

அப்படியானால் கலை எப்படித் தப்பியது? சில குடும்பங்கள் இரவில் இரகசியமாகப் பழகின என்பது ஒரு பதில். அது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. நான்கைந்து தலைமுறைக்கு இரகசியமாக ஒன்றைக் காக்க வேண்டுமானால், பகலில் அதற்கு வேறு ஒரு வேலை இருக்க வேண்டும். அங்கம்பொரவுக்கு அப்படி மூன்று வேலைகள் இருந்தன.

முதலாவது, வைத்தியம். நில சாஸ்திரம் தெரிந்த ஆசான் பகலில் எலும்பு கட்டும் வைத்தியர். அரசாங்கத்துக்கு அவர் ஆபத்தானவராகத் தெரியவில்லை. தந்தை மகனுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுக்கும்போது உடலின் நிலங்களையும் சொல்லியே ஆக வேண்டும். குணப்படுத்தும் பாடத்தின் மறுபக்கத்தில் அடிக்கும் பாடம் எழுதப்பட்டிருந்தது.

இரண்டாவது, நடனம். கண்டிய நடனம் பழகும் மாணவர்கள் முதலில் செய்யும் அடிப்படைப் பயிற்சிகளுக்குப் 'பா சரம்ப', 'கொட சரம்ப' என்று பெயர். பா சரம்ப கால்களுக்கு. கொட சரம்ப முழு உடலுக்கு. அங்கம்பொரவில் அடிப்படை அசைவுகளை 'ஹரம்ப' என்று சொல்வதை முன்பே பார்த்தோம். சிங்களத்தில் 'ச' ஒலி 'ஹ' ஆவது வழக்கம். நடனக்காரரும் சண்டைக்காரரும் ஒரே சொல்லைப் புழங்குகிறார்கள். முழங்காலைப் பக்கவாட்டில் விரித்துத் தாழ்ந்து நிற்கும் கண்டிய நடன நிலையைப் பார்த்தால், சொல் மட்டுமல்ல, உடலும் உறவு என்று தோன்றும்.

மூன்றாவது, பறையும் ஊர்வலமும். அங்கம்பொர முரசொலியோடு பழகும் கலை. தாளம் மாறினால் அடி மாறும். கோவில் சடங்குகளுக்குப் பறை அடித்தவர்கள் அந்தத் தாளங்களைக் காப்பாற்றினார்கள். கண்டியில் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் நடக்கும் எசல பெரஹெராவில் சாட்டை வீசுவோர், தீப்பந்தம் சுழற்றுவோர், பறையடிப்போர், நடனக்காரர் எல்லாம் வரிசையாக வருவார்கள். இன்று அத்தகைய ஊர்வலங்களில் அங்கம்பொர குழுக்களையும் பார்க்கலாம்.

கம்பையும் வாளையும் பறித்துக்கொள்ள முடிந்தது. எலும்பு கட்டும் கையையும் பறை அடிக்கும் கையையும் ஆட்டக் காலையும் பறிக்க முடியவில்லை. கலை அவற்றில்தான் ஒதுங்கி இருந்தது.

இன்றைய நிலை

இப்போது அங்கம்பொரவுக்கு மறைவு இல்லை. மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் திரைப்படங்களிலும் வருகிறது. சுற்றுப்பயணிகளுக்காகவும் ஆடிக் காட்டுகிறார்கள். பெண்களும் பழகுகிறார்கள். 1818-இல் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்ட கெப்பெட்டிபொல முதலியோரைப் பிற்காலத்தில் இலங்கை அரசு தேசிய வீரர்களாக அறிவித்தபின், அந்தக் காலத்தைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் ஒரு புது மதிப்பு வந்தது.

புது மதிப்போடு புதுச் சிக்கல்களும் வந்தன. மேடையில் பத்து நிமிடத்தில் கைதட்டு வாங்க வேண்டும் என்றால் சுருள்வாளும் தீப்பந்தமும் போதும். நில சாஸ்திரத்தையும் வைத்தியத்தையும் மேடையில் காட்ட முடியாது. கைதட்டு கிடைக்கும் பாகம் வளர்கிறது. கிடைக்காத பாகம் தேய்கிறது. தடை செய்யாததைச் சில நேரம் மேடையே செய்துவிடும்.

இன்னொன்று, ஒரு கலையை ஓர் இனத்தின் கொடியாக மட்டும் தூக்கிப் பிடிப்பது. அங்கம்பொர சிங்கள மக்களின் கலை, அதில் மறுப்பில்லை. ஆனால் அது வளர்ந்த கண்டியில் அரசர் நாயக்கர், படையில் மலாய்க்காரர், வெல்லஸ்ஸவில் முஸ்லிம்கள், கோவிலில் கதிர்காமக் கடவுள். தனித்து, கலப்பே இல்லாமல் வளர்ந்த கலை என்று எதைப் பற்றியும் சொல்ல முடியாது.

அதே தீவில் நம் சொற்கள்

இலங்கையில் அங்கம்பொர மட்டுமே இல்லை. சிங்களவரிடம் 'சீன அடி' என்று இன்னொரு சண்டை முறை உண்டு. சீனாவிலிருந்து வந்த பிக்குகள் வழியாக வந்தது என்று கதை சொல்கிறார்கள். சீனத் துறவி பாகியன் 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கியது வரலாறு. சண்டைக் கலை அப்படித்தான் வந்தது என்பது சொல்வழக்கு. பெயரில் உள்ள 'அடி' நமக்குத் தெரிந்த சொல்.

கிழக்கு மாகாணத்தில் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களிலும் சீனடி, சிலம்படி என்ற பெயர்கள் வழங்குகின்றன. திருமண வீட்டிலும் பெருநாள் கொண்டாட்டத்திலும் இவற்றை ஆடிக் காட்டுவது அங்குள்ள வழக்கம். வட்டமாக நின்று கோல்களைத் தட்டிப் பாடி ஆடும் களிகம்பு என்ற ஆட்டமும் உண்டு. சொல்லிக் கொடுப்பவரை அண்ணாவியார் என்று மரியாதையோடு அழைப்பார்கள். கூத்துப் பழக்கும் ஆசானுக்கும் அதே பெயர்தான். சண்டையும் ஆட்டமும் ஒரே வாத்தியாரின் கையில் இருந்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மலையகத் தோட்டங்களில் தப்பும், காமன் கூத்தும், திருவிழாச் சிலம்பமும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்களோடு ஏறிச் சென்றவை. மலாயாத் தோட்டங்களுக்குச் சிலம்பம் வந்த வழியும் அதேதான். அவர்கள் தேயிலைக்குப் போனார்கள், நம் முன்னோர் ரப்பருக்கு வந்தார்கள்.

நமக்கு என்ன பாடம்

தடை நமக்கும் புதிதல்ல. கண்டிக்கு 17 ஆண்டுகள் முன்பு, 1801-இல், சிவகங்கையின் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இன்னும் பலரும் நாடு கடத்தப்பட்ட இடம் பினாங்கு. சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, பல ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் துரைசாமியை நலிந்த நிலையில் பார்த்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அது நடந்தது 1818. கண்டியில் கெப்பெட்டிபொல கொல்லப்பட்ட அதே ஆண்டு.

வளரி இன்று பெரும்பாலும் அருங்காட்சியகப் பொருள். சிலம்பம் உயிரோடு இருக்கிறது. வளரிக்குப் போர், வேட்டை தவிர அன்றாட வேலை அதிகம் இல்லை. சிலம்பத்துக்குத் திருவிழா இருந்தது, ஊர்வலம் இருந்தது, கல்யாண வீடு இருந்தது, தோட்டத்து மாரியம்மன் கோவில் இருந்தது. அங்கம்பொர பிழைத்த அதே வழி.

மலேசியாவில் சிலாட் 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பெருமைக்குப் பின்னால் வெறும் போட்டிப் பதக்கங்கள் இல்லை. திருமண வரவேற்பில் ஆடும் சிலாட் உண்டு. அதற்கென்று கெண்டாங்கும் செருனாயும் உண்டு. கம்போங்தோறும் குருக்கள் உண்டு. கலையைச் சுற்றி ஒரு வாழ்க்கை இருக்கிறது.

நம் சிலம்பம் இன்று தமிழ்ப்பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கையாகவும், போட்டி விளையாட்டாகவும் வளர்ந்து வருவது மகிழ்ச்சியான செய்தி. விதிமுறை, புள்ளி, எடைப் பிரிவு எல்லாம் தேவைதான். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறி, மக்கள் பட்டணங்களுக்குச் சிதறியபோது, கம்பைச் சுற்றி இருந்த மற்றவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எண்ணெய் போட்டு நீவத் தெரிந்த வாத்தியார் போனார். சிலம்பத்துக்கென்று தனித் தாளம் அடிக்கத் தெரிந்த தப்புக்காரர் போனார். அடி வரிசைகளின் பழைய பெயர்கள் மறந்துபோய், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வந்தன.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பிள்ளையைச் சிலம்ப வகுப்பில் சேர்த்திருக்கும் பெற்றோர், ஆசானிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த அடிக்குப் பெயர் என்ன? இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார், அவர் எந்தத் தோட்டம்? அடிபட்டால் அவர் என்ன செய்வார்? கிடைக்கும் பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். பிள்ளையை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். திருவிழாவில் சிலம்பம் வைக்கும் கோவில் நிர்வாகம், பதிவு செய்த இசைக்குப் பதில் ஒரு தப்புக் குழுவை அழைக்கலாம்.

கண்டிப் பக்கம் பயணம் போகிறவர்கள் எம்பெக்க தேவாலயத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கண்டியிலிருந்து அதிகத் தொலைவில்லை. மண்டபத்துத் தூண்களில் அந்த இரண்டு மல்லர்களைத் தேடிப் பாருங்கள். நடன மாதுக்கும் குதிரை வீரனுக்கும் பக்கத்திலேயே இருப்பார்கள்.